மாமனாரின் காசுப் பெட்டி: எதைச் செய்தால் பின்னால் வருந்துவோம்?

கூறைநாட்டு டீச்சர் எழுதியது:

நாணயம் சேர்ப்பவர்கள் தொடக்கத்தில் செய்துவிட்டு இன்றுவரை நினைத்து நொந்துகொள்ளும் தவறுகள் எவை? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும். எங்கள் கூடத்தில் ஒரு தகரப் பெட்டி திறந்து கிடக்கிறது. அதைச் சுற்றி ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நவராத்திரிக்குள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

பெட்டி என் மாமனாருடையது. கூட்டுறவுச் சங்கமொன்றில் காசாளராக இருந்தவர். தை மாதம் காலமானார். அவர் பழங்காசு சேர்ப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் என்ன வைத்திருக்கிறார் என்று மாமியாருக்குக்கூடக் காட்டியதில்லை. உள்ளே இருப்பவை: விக்டோரியா வெள்ளி ரூபாய்கள் (அநேகமாக எல்லாமே 1862, சிலவற்றின் விளிம்பில் வளையம் பற்றவைத்த தழும்பு இருக்கிறது), ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்று 1911, ஆறாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்று 1939, ஒரு பிடி புதுக்கோட்டை அம்மன் காசு, ஓட்டைக் காலணாக்கள், பச்சை படிந்த செப்புக் காசுகள் (ஒரு பக்கம் ஒருவர் நிற்கிறார், மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறார்). இவை தவிர, ராமர் பட்டாபிஷேகக் காட்சியோடு "ஈஸ்ட் இந்தியா கம்பெனி, ஒன் அணா, 1818" என்று பொறித்த பெரிய காசு ஒன்று.

கணவர் எல்லாவற்றையும் புளியும் விபூதியும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொலுவில் வைக்கலாம் என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் கொழுந்தனார் தன் பங்கைத் தபாலில் அனுப்பச் சொல்கிறார். 1818 காசின் படத்தை என் நாத்தனார் எங்கோ போட, ஒருவர் தொலைபேசியில் அழைத்து மூன்று லட்சம் தருகிறேன், முதலில் "பதிவுக் கட்டணம்" மட்டும் கட்டுங்கள் என்றார்.

பத்தாவது படிக்கும் மகன்தான் கொஞ்சம் ஒழுங்காக யோசிக்கிறான். காசுகள் எல்லாம் சின்னச் சின்னத் துணி முடிச்சுகளில் இருக்கின்றன. ஒவ்வொரு முடிச்சிலும் மாமனார் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: பஸ் டிக்கெட்டின் பின்புறம், நாள்காட்டித் தாள், தீப்பெட்டி அட்டை. "ஆக்கூர் பக்கம், குளம் தூர் வாரியபோது" என்பதுபோல ஏதேதோ கிறுக்கல். பூச்சி வேறு அரித்திருக்கிறது. இவற்றை அப்புறப்படுத்திவிட்டு, ஆல்பம் வாங்கி ஆண்டுவாரியாக அடுக்கிவிடலாம் என்கிறான். இதுதான் சரியென்று எனக்கும் படுகிறது. பெரியவர்கள் என்ன சொல்கிறீர்கள்?


பித்தளைச் செம்பு எழுதியது:

முதலில் புளியைச் சமையலறைக்குத் திருப்பி அனுப்புங்கள், டீச்சர்.

செம்பின் மேல் படிந்திருக்கும் பழுப்பும் பச்சையும் அழுக்கு என்று நினைத்துத்தான் எல்லோரும் கெடுக்கிறோம். காற்றும் மண்ணும் பட்டு அந்த உலோகத்தின் மேல் தானாக உண்டான தோல் அது. புளியின் அமிலம் அதைக் கரைத்துவிட்டால் வெளிறிய செம்பு பல்லைக் காட்டும். பிறகு சில மாதங்களில் திட்டுத் திட்டாகக் கறுக்கும். கம்பெனியின் 1835 கால் அணாக்கள் ஒரு டப்பா நிறைய என்னிடம் இருந்தன. பாத்திரம் விளக்கும் பொடி போட்டுத் தேய்த்தேன். தேய்த்த அன்று வீட்டில் எல்லோரும் பாராட்டினார்கள். இன்றுவரை அவற்றை எந்தச் சேகரிப்பாளரும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

விபூதி வெள்ளிப் பூசைத் தட்டுக்கு நல்லது. ரூபாயில் தேய்த்தால் மயிரிழைக் கீறல்கள் விழும். விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால் அத்தனையும் தெரியும். வெறும் மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். கெட்டியான பச்சை கெடுதல் செய்யாது. தொட்டால் உதிரும் வெளிர்பச்சைத் தூள் மட்டும் ஆபத்து. அது உள்ளே அரித்துக்கொண்டே போகும். அப்படி ஏதாவது இருந்தால் அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.


கச்சேரி ரோடு எழுதியது:

மூன்று லட்சக்காரரின் எண்ணை இப்போதே தடுத்துவிடுங்கள். வாங்குகிறவர் எதற்கு விற்கிறவரிடம் கட்டணம் கேட்கிறார்? சிலர் ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட கடிதமெல்லாம் அனுப்புவார்கள். 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே அறிக்கை வெளியிட்டது. பழைய நாணய, நோட்டு வியாபாரத்தில் தான் ஈடுபடுவதில்லை, கமிஷன் எதுவும் கேட்பதில்லை, தன் பெயரால் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை என்று தெளிவாகச் சொன்னது. வைஷ்ணோதேவி ஐந்து ரூபாய், 786 எண்ணுள்ள நோட்டு, அரிசியை இழுக்கும் இரிடியம் காசு, இந்த 1818 அணா எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

1818-இல் ராமர் படம் போட்ட காசு எதையும் கம்பெனி வெளியிடவில்லை. 1835-க்குப் பிறகு வந்த சீரான செப்புக் காசுகளிலும் அரை அணா, கால் அணா, அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு போன்றவைதான் உண்டு, ஒரு அணா இல்லை. ஒரு அணா நாணயம் நெளிவிளிம்போடு, செம்பு-நிக்கல் கலவையில் புழக்கத்துக்கு வந்தது ஏழாம் எட்வர்டு காலத்தில், 1907-இல். உங்களிடம் இருப்பதைப் பூசையறையில் வையுங்கள். ராமர் ராமர்தான்.


செல்லாக்காசு எழுதியது:

மேலே இருவரும் சொன்னது சரி. ஆனால் எனக்கு வயிற்றைக் கலக்கியது உங்கள் கடைசிப் பத்தி. அந்தச் சீட்டுகள் இன்னும் வீட்டில் இருக்கின்றனவா? இருந்தால், இதைப் படித்து முடிக்கும்வரை பிள்ளையைப் பெட்டியருகில் விடாதீர்கள்.

நான் கரூர்க்காரன். இந்தப் பக்கத்தில் சேகரிப்பாளர் யாராவது காலமானால், பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். "என்ன தேறும்?" என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் பெரிதாக ஒன்றும் தேறாது. அதைச் சொன்னதும் ஏதோ நான்தான் எடுத்து ஒளித்துக்கொண்டேன் என்ற பார்வை ஒன்று வரும். பழகிவிட்டது.

அந்தப் பெட்டிகளில் போலிகள் இருக்கும், புளி போட்டவை இருக்கும், கொடுத்த விலை ஐந்து மடங்கு அதிகம் என்று தெரியாமலேயே வாங்கியவை இருக்கும். இவற்றுக்காக நான் அதிகம் வருந்துவதில்லை. போன பணம் போனது. நல்ல 1835 கால் அணா வேண்டுமென்றால் இன்னொன்று கிடைக்கும். ஈடே கட்ட முடியாத தவறு ஒன்றுதான்: எது எங்கிருந்து வந்தது என்று எழுதாமல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிடுவது. பெட்டிக்குப் பெட்டி அதைத்தான் பார்க்கிறேன். உங்கள் மாமனார் எழுதிவைத்திருக்கிறார். அதை நீங்கள் பூச்சி அரித்த கிறுக்கல் என்கிறீர்கள்.

எங்கள் ஊர்க் கதையைக் கேளுங்கள். அமராவதி மணலைச் சலித்தவர்கள் கையில் கிடைக்காத காசு இல்லை. வில் அம்பு பொறித்த சேரர் காசு, யானை போட்ட சதுரக் காசு, தேய்ந்துபோன ரோமானியச் செப்புக் காசு, சோழர் காசு எல்லாம் ஒரே ஆற்றில் கிடைத்தன. வாங்கியவர்கள் அத்தனையையும் ஒரே ஹார்லிக்ஸ் புட்டியில் போட்டார்கள். எந்தத் துறையில் கிடைத்தது, எதோடு சேர்ந்து கிடைத்தது என்று ஆய்வாளர் கேட்டால் "கரூர்" என்ற ஒற்றைச் சொல்லோடு பதில் முடிந்துவிடும். இப்போது அந்தச் சொல்லையும் நம்ப முடியாது. கரூர் என்றால் விலை கூடும் என்பதால், வேறெங்கோ வார்த்த போலிக்கும் கரூர் என்றே பெயர் சூட்டுகிறார்கள்.

இதற்கு நேர்மாறாக ஒன்று. 1898-இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறவிடாமல் மொத்தமாகப் பார்த்து எழுதிவைத்தார்கள். அதனால்தான் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் மேல் வேண்டுமென்றே உளியால் வெட்டியிருந்தது தெரிந்தது. ஏன் வெட்டினார்கள், மீண்டும் புழங்காமலிருக்கவா என்று இன்றும் பேசிக்கொண்டிருக்கிறோம். அதில் ஒரு காசு மட்டும் தனியாக உங்கள் மகன் கைக்கு வந்திருந்தால் "சேதமடைந்தது" என்று ஓரமாக வைத்திருப்பான்.

இப்போது உங்கள் பெட்டிக்கு வருகிறேன்.

நிற்பவரும் உட்கார்ந்திருப்பவரும் உள்ள செப்புக் காசு ராஜராஜன் வகை. உட்கார்ந்திருக்கும் பக்கத்தில் நாகரி எழுத்தில் "ஸ்ரீ ராஜராஜ" என்று இருக்கும். தமிழ் எழுத்தைத் தேடி ஏமாற வேண்டாம். ஏராளமாகக் கிடைக்கும் காசு, விலையும் சொற்பம். இதே உருவ அமைப்பைப் பின்னால் இலங்கை அரசர்களும் தங்கள் பெயரில் அடித்தார்கள். ஆகவே ஊர் தெரியாத ராஜராஜன் காசு ஆயிரத்தோடு ஆயிரத்தொன்று. ஆக்கூர்ப் பக்கத்துக் குளத்தில் கிடைத்தது என்று எழுதப்பட்ட காசு உங்கள் மாவட்டத்து வரலாறு.

இந்தச் சீட்டில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மண்ணிலிருந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள பொருளை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. அதற்குப் பயந்து சீட்டைக் கிழிப்பவர்கள் உண்டு. அது படுபாவம். உங்கள் மாமனார் குளத்தில் எடுத்தாரா, எடுத்தவரிடம் வாங்கினாரா என்பது தெரியாது. அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியர் ஒருவரிடம் சீட்டோடு போய்ப் பேசுங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் கேட்டால் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்வார்கள். கொழுந்தனாருக்கும் பதில் சொல்லிவிடுங்கள்: நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள் கணக்கில் சேரும். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியில்லாமல் நாட்டை விட்டு அனுப்பக் கூடாது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது கூடத்தில் உட்கார்ந்து ஆசை தீரப் பார்க்கட்டும்.

விக்டோரியா ரூபாய்கள்: ஆண்டுவாரியாக அடுக்குவது இங்கேயே உதைக்கும். 1862 என்றே பொறித்து அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அடித்தார்கள். 1874-இலிருந்துதான் ஆண்டுதோறும் ஆண்டு மாறியது. 1862 எங்கும் கிடைப்பது, "நூற்றைம்பது வருடப் பழையது" என்று மயங்க வேண்டாம். பின்பக்கத்தில் பூ வேலைப்பாட்டுக்கு நடுவே சிறு புள்ளிகள் இருக்கும். அவற்றின் எண்ணிக்கை காசுக்குக் காசு மாறும். லென்ஸ் வைத்து அதை எண்ணச் சொல்லுங்கள், பையனுக்கு ஒரு மாதம் போகும். வளையம் பற்றவைத்தவை காசுமாலையிலிருந்து பிரித்தவை. சந்தையில் மதிப்புக் குறைவு என்பார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. யார் கழுத்து மாலை என்று சீட்டில் இருந்தால் பெட்டியிலேயே எனக்குப் பிடித்தது அதுவாகத்தான் இருக்கும்.

1911: மன்னர் அங்கியில் உள்ள யானை பன்றியைப்போல் தெரிகிறது என்று எழுந்த சலசலப்பில் திரும்பப் பெறப்பட்ட ரூபாய். வெளியே வராமல் இருந்தவற்றை உருக்கிவிட்டார்கள். மறு ஆண்டே தும்பிக்கையைத் திருத்தினார்கள். நல்ல காசு, பத்திரம்.

1939-தான் இடிக்கிறது. மிக அரிய ஆண்டு. அதனாலேயே 1938-இன் கடைசி எட்டை ஒன்பதாகச் செதுக்கியவை நிறைய உலவுகின்றன. அதன் சீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

கடைசியாக, பையனுக்குப் புதிதாகச் சேர்க்கும் ஆசை வரும். நூறு ரூபாய் நினைவு நாணயம் பக்கம் அவனை விடாதீர்கள். 44 மில்லிமீட்டர் அகலம், 35 கிராம் எடை, பல வெளியீடுகளில் பாதிதான் வெள்ளி. ஒருநாளும் கடையில் புழங்காதது. இடைத்தரகரிடம் வாங்கிய விலைக்குத் திரும்ப விற்றவரை நான் பார்த்ததில்லை. சில்லறையில் தேடச் சொல்லுங்கள். 2009 அண்ணா ஐந்து ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே இருக்கிறது, 2010-இல் பெரிய கோயில் வந்தது. எந்த ஊரில் அச்சடித்தது என்பதும் காசிலேயே தெரியும்: ஆண்டுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமில்லையென்றால் கொல்கத்தா. பெட்டிக்கடைக்காரர் திட்டும்வரை தேடலாம்.


கென்ட் தமிழன் எழுதியது:

செல்லாக்காசு ஐயா சொன்னதற்கு இங்கிருந்து ஒரு சாட்சி. 1809 ஜனவரியில் அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் இந்தக் கடற்கரைக்கு எதிரே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. அதில் மதராஸ் மாகாணத்துக்காகப் பர்மிங்காமில் அச்சடித்த பத்துக் காசு, இருபது காசு செப்பு நாணயங்கள் பீப்பாய் பீப்பாயாக இருந்தன. 1980-களில் எடுத்தார்கள். கப்பலின் பெயர் போட்ட தாளோடு இருந்தால் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசலாம். நான் தொடக்கத்தில் வாங்கியது தாள் இல்லாதது, விலை குறைவு என்பதற்காக. உப்பில் அரித்த 1808 பத்துக் காசு. கப்பலில் வந்ததாகத்தான் இருக்கும், ஆனால் "இருக்கும்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.


நாகை உப்பு எழுதியது:

ஆல்பம் வாங்குவதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். மலிவான ஆல்பங்களின் மெத்தென்ற தாள்கள் பி.வி.சி. பிளாஸ்டிக். மூக்கருகே கொண்டுபோனால் புதுச் செருப்புக் கடை வாடை வரும். நம் கடலோர வெக்கையில் அது கசிந்து, காசின் மேல் பிசுபிசுவென்று பச்சைப் படலம் கட்டும். தொடக்கத்திலேயே பார்த்தால் சுத்தமான அசிட்டோனில் போட்டு எடுத்துவிடலாம் (நகச்சாய நீக்கி உதவாது, அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும், அடுப்பருகே வேண்டவே வேண்டாம்). விட்டுவிட்டால் உலோகத்தையே அரிக்கும். ரப்பர் வளையமும் கூடாது, வெள்ளியில் கறுப்புக் கோடு விழும். விறைப்பாக, மணமில்லாமல் இருக்கும் மைலார் (பாலியெஸ்டர் பிளாஸ்டிக்) உறை நல்லது.


கூறைநாட்டு டீச்சர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சீட்டுகள் குப்பைக்குப் போகவில்லை. இரண்டு முடிச்சுகளை மட்டும் பையன் பிரித்துக் கலந்துவிட்டான், இரண்டும் அம்மன் காசு. மற்றவை அப்படியே இருக்கின்றன. கணவர் புளியை விட்டுவிட்டார், ஆனால் கொலுவை விடவில்லை.

நேற்று இரவு முழுக்க மாமியாரும் நானும் சீட்டுகளைப் படித்தோம். வளையத் தழும்புள்ள ரூபாய்கள் மாமியாரின் அம்மா வீட்டு மாலை. எண்பத்திரண்டு வயதில், அதை எப்போது பிரித்தார்கள், எந்தச் செலவுக்கு என்றெல்லாம் ஆரம்பித்துவிட்டார். பாதி எனக்குப் புதிது.

1939 ரூபாயின் சீட்டு: "சீர்காழி ஆசாரி கடை. 9-இல் வால் சரியில்லை. 38 விலைதான் கொடுத்தேன்." எடை போட்டுப் பார்த்தோம், 11.6 கிராம் சொச்சம் காட்டுகிறது. எடை சரியாக இருப்பதால் உண்மையானதாக இருக்க வாய்ப்பு உண்டா, ஐயா?


செல்லாக்காசு எழுதியது:

எடையை வைத்து முடிவு கட்ட முடியாது, டீச்சர். 1938-உம் 1939-உம் ஒரே வெள்ளி, ஒரே 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியாக இருந்ததைப் பாதியாகக் குறைத்தது 1940-இல்தான். எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கினால் தராசுக்கு என்ன தெரியும்? லென்ஸில் அந்த இலக்கத்தைச் சுற்றியுள்ள தளத்தைப் பாருங்கள். மற்ற மூன்று இலக்கங்களைச் சுற்றி இல்லாத சுரண்டல் அங்கே மட்டும் இருந்தால் முடிந்தது. என் யூகம், இருக்கும். ஆசாரி சொன்ன கதைக்கு மயங்காமல் சாதாரண 1938 காசின் விலைக்கு வாங்கிய மனிதர் காசாளர் வேலையை ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறார். வேறு யாராவது அரிய 1939 என்று உங்களிடம் விலை பேச வந்தால் சீட்டையும் சேர்த்துக் காட்டுங்கள். வாங்க வந்தவரின் தரமும் அங்கேயே தெரிந்துவிடும்.

கலந்துபோன இரண்டு முடிச்சுகளைப் பிரிக்க முயல வேண்டாம். ஊகத்தில் பிரித்தால் பொய்யான சீட்டு ஆகிவிடும். ஒரே உறையில் போட்டு, இரண்டு சீட்டையும் வைத்து, "கலந்துவிட்டது" என்று இன்றைய தேதியோடு பையன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.

கொலுவுக்கு அந்த அம்மன் காசுகளையே வைக்கலாம். புதுக்கோட்டை அரண்மனையில் நவராத்திரிக்கு அரிசியோடு சேர்த்துக் கொடுத்த காசுதானே. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் "விஜய". தேய்க்காமல் ஒரு கிண்ணத்தில் அரிசி பரப்பி அதன் மேல் வையுங்கள். குங்குமமும் மஞ்சளும் காசில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற முடிச்சுகளுக்கு: ஒரு முடிச்சு, ஒரு எண், ஒரு உறை. காசும் சீட்டும் ஒரே படத்தில் வரும்படி இரண்டு பக்கமும் படம் எடுங்கள். பிறகு சீட்டைத் தனி உறையில் அதே எண்ணோடு வையுங்கள். பழைய தாளின் அமிலம் காசில் படக் கூடாது. மாமியார் சொல்வதை ஒரு நோட்டில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள், இந்த வாரமே. உறையை மூட ஸ்டேப்ளர் மட்டும் வேண்டாம். ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து அந்தக் கறை காசுக்கு இறங்கிவிடும்.